இடது காதுக்காக வலது காது சொன்ன பதில்

தண்டையார்பேட்டையிலிருந்து நீங்கள் அனுப்பிய கேள்வியையும் அதனுடன் இணைத்திருந்த இரண்டு ஆடியோகிராம் (கேட்டல் அளவைக் காட்டும் வரைபடம்) தாள்களையும் நிதானமாகப் பார்த்தேன். மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தந்தைக்கு வயது 63. மணலிப் பக்கம் ஒரு தகட்டுப் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுவயதில் பொன்னுக்கு வீங்கி வந்து போனதிலிருந்து இடது காது மந்தம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்மையில் கடைத்தெருவில் காது மெஷின் விற்கும் ஓரிடத்தில் பரிசோதித்தபோது, இடது காதின் சராசரி 78 டெசிபல் என்றும், எலும்புவழிக் கேட்டல் (காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வி வைத்துப் பார்ப்பது) நன்றாக இருப்பதால் அறுவை சிகிச்சை செய்தால் கேட்டல் திரும்பும் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு மருத்துவமனையில் மறுபடி பரிசோதித்தபோது, வலது காதில் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சலை விட்டுக்கொண்டே இடது காதைச் சோதித்து, அந்தக் காதில் கேட்டல் எதுவும் மிஞ்சவில்லை என்று எழுதிவிட்டார்கள். இரண்டே வாரத்தில் காது இப்படி விழுமா, அந்த இரைச்சல்தான் காதைக் கெடுத்துவிட்டதா, கேட்டால் கையைத் தூக்கு என்று சொல்லி எடுக்கும் ஒரு பரிசோதனையை எப்படி நம்புவது என்பவை உங்கள் கேள்விகள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் கவலையோடு காத்திருக்கிறீர்கள். இரண்டாவது தாள்தான் சரியானது. இரண்டு வாரத்தில் இடது காது விழவில்லை. அது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, அந்தக் காய்ச்சலோடு போய்விட்டிருக்கிறது. இரைச்சல் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. முதல் தாளில் இடது காதின் பெயரில் எழுதப்பட்டிருக்கும் எண்கள் உண்மையில் வலது காது சொன்ன பதில்கள். அந்தத் தாளை வைத்து இடது காதில் கத்தி வைக்க யாருக்கும் ஒப்புதல் தந்துவிடாதீர்கள்.

ஒரேயொரு எச்சரிக்கையை இங்கேயே சொல்ல வேண்டும். நேற்றுவரை நன்றாகக் கேட்ட காது ஓரிரு நாளில் சட்டென்று அடைத்துப்போனது போல மந்தமானால், அது அவசர நோய். குறும்பி அடைப்பு என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டு வீட்டில் உட்காராமல், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் கிடைத்தால்தான் பலன் மிகுதி. உங்கள் தந்தையின் நிலை அது இல்லை. இருந்தாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அந்த நிலை இருக்கலாம்.

இனி, இந்தப் பரிசோதனை எதை அளக்கிறது என்று பார்ப்போம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி உடம்பிலிருந்தே ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறது. ஆடியோமீட்டர் அப்படி எதையும் எடுப்பதில்லை. அது ஒலியைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கேட்டதா இல்லையா என்று சொல்பவர் நோயாளி. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில், கேட்பதும் கேட்காததும் பாதிக்குப் பாதியாக இருக்கும் அந்த மிகக் குறைந்த ஒலியளவையே கேட்டல் வாசல் என்கிறோம். வாசலுக்கு அந்தப் பக்கம் ஒலி இருக்கிறது, ஆனால் உணரப்படவில்லை. இந்தப் பக்கம் வந்ததும் உணரப்படுகிறது. ஆக, தாளில் இருக்கும் ஒவ்வோர் எண்ணும் கேட்பவரும் பதில் சொல்பவருமாக இருவர் சேர்ந்து கண்டுபிடித்தது. கேட்ட முறை பிசகினால் எண்ணும் பிசகும். உங்கள் இரண்டு தாள்களுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

தாளில் உள்ள பூச்சியம் பலரைக் குழப்புகிறது. பூச்சியம் டெசிபல் என்றால் ஒலியே இல்லை என்று பொருள் அல்ல. காது நோய் எதுவும் இல்லாத இளைஞர்கள் பலரைச் சோதித்து, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அவர்களுடைய வாசல் சராசரியாக எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைப் பூச்சியம் என்று வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சில பிள்ளைகளுக்கு கழித்தல் 5, கழித்தல் 10 என்று கூட வரும். நம் காது எல்லா அதிர்வெண்ணையும் ஒரே கூர்மையோடு கேட்பதில்லை. 250 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமென்றால் 1000 ஹெர்ட்ஸை விட ஏறத்தாழ 18 டெசிபல் கூடுதல் அழுத்தம் வேண்டும். அந்த ஏற்றத்தாழ்வை எல்லாம் கருவிக்குள்ளேயே சரிசெய்து, இயல்பான காதுக்கு நேர்கோடாக வரும்படி அமைத்திருக்கிறார்கள். எண் பெரிதாகப் பெரிதாகக் காது மந்தம். தாளில் கோடு கீழே இறங்க இறங்கக் கேட்டல் குறைவு. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி.

பேச்சைக் கேட்கிறதா என்று பார்க்காமல், ‘கூ’ என்று ஒற்றை ஒலியை எதற்காகக் கொடுக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். உட்காதில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தனியே ஓர் இடம் உண்டு. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி உயர்ந்த சுரங்களுக்கு, உள்ளே சுருளின் நுனி தாழ்ந்த சுரங்களுக்கு. தொலைபேசிப் பொறியாளராக இருந்து காதை ஆராயப் புகுந்த கியோர்க் ஃபான் பெக்கேசி என்ற ஹங்கேரிய அறிஞர் இதை அலைகளாக நேரில் கண்டு விளக்கியதற்காக 1961இல் நோபல் பரிசு பெற்றார். வேறு அதிர்வெண் எதுவும் கலவாத பியூர் டோன் ஒலியைக் கொடுக்கும்போது காக்ளியாவின் ஒரு சிறு பகுதியை மட்டும் தட்டிப் பார்க்கிறோம். 250, 500, 1000, 2000, 4000, 8000 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகத் தட்டிக்கொண்டு போனால் எந்த இடம் பழுது, எந்த இடம் நலம் என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடுகிறது. பேச்சு எல்லா இடங்களையும் ஒரே நேரத்தில் தொடுவது. அதில் இந்த விவரம் தெரியாது. பட்டறை, எஞ்சின், ஆலை என்று சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்கு 3000, 6000 ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் தாளில் அந்த இரண்டும் இல்லை.

கேட்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உட்கார வைக்கும்போதே நான் சொல்லும் சொற்கள் இவை: “ஐயா, ரொம்ப மெல்லிசா, எங்கேயோ தூரத்துல கேக்குற மாதிரி இருந்தாலும் கையைத் தூக்குங்க. சந்தேகமா இருந்தாலும் தூக்குங்க. நின்னதும் இறக்கிடுங்க.” இந்தச் சொல்லில் தவறினால் பாதி பரிசோதனை போயிற்று. ஏனென்றால், நம் பெரியவர்களில் பலர், நன்றாகத் தெளிவாகக் கேட்டால்தான் கையைத் தூக்க வேண்டும், தப்பாகத் தூக்கினால் மரியாதையாக இருக்காது என்று நினைத்துக் காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருப்பவருடைய வாசல் உண்மையை விட 10, 15 டெசிபல் மோசமாகத் தாளில் ஏறும். என் கையும் கருவியின் பொத்தானும் அவர் கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போடுகிறேன். ஒலிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியையும் ஒழுங்கில்லாமல் மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். சீராகக் கொடுத்தால் தாளம் பழகிப்போய் ஒலி இல்லாதபோதும் கை தானாக உயரும்.

நன்றாகக் கேட்கும் காதில், 1000 ஹெர்ட்ஸில், எளிதாகக் கேட்கக்கூடிய அளவில் தொடங்க வேண்டும். உங்கள் தந்தையின் வலது காதையே எடுத்துக்கொள்வோம். 40 டெசிபலில் கொடுத்தால் கை உயரும். பத்து குறைத்து 30; உயரும். 20, உயராது. இப்போது ஐந்து கூட்டி 25, உயரும். கேட்டதால் மறுபடி பத்து குறைத்து 15, இல்லை. 20, இல்லை. 25, உயரும். இன்னொரு முறை 15, 20, 25. கீழிருந்து மேலே ஏறி வரும் மூன்று முயற்சிகளில் குறைந்தது இரண்டில் எங்கே கை உயர்கிறதோ அதுவே வாசல், அதாவது 25. கேட்டால் பத்து இறங்கு, கேட்காவிட்டால் ஐந்து ஏறு என்ற இந்த விதி ஹியூசன், வெஸ்ட்லேக் என்ற இருவர் 1944இல் வகுத்தது; கார்ஹார்ட்டும் ஜெர்கரும் 1959இல் அதைச் சீர்ப்படுத்தி, எல்லோரும் இதையே பின்பற்ற வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். இதையும் கடந்து, எல்லா அதிர்வெண்ணும் முடிந்தபின் 1000 ஹெர்ட்ஸை மறுபடி ஒருமுறை பார்க்கிறோம். ஐந்து டெசிபலுக்கு மேல் மாறினால் நோயாளி இப்போதுதான் பரிசோதனையைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று பொருள். மற்றவற்றையும் மீண்டும் எடுக்க வேண்டும். ‘கையைத் தூக்கச் சொல்லி எடுப்பதை எப்படி நம்புவது’ என்ற உங்கள் கேள்விக்கு இதுவே விடை. ஒரே கேள்வியை, பதில் சொல்பவர் ஊகிக்க முடியாதபடி, பல முறை கேட்டு, ஒத்துப்போகும் பதிலை மட்டும் எழுதுகிறோம். அதற்குப் பிறகு சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கும் பேச்சுப் பரிசோதனையும் உண்டு. அதில் வரும் அளவு பியூர் டோன் சராசரியோடு ஏறத்தாழ ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் ஒன்றில் பிழை.

இப்போது இரைச்சலுக்கு வருகிறேன். நான் மேலும் சொல்ல விரும்புவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒண்டுக்குடித்தன வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். நீங்களே அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்திருக்கலாம். ஒரு போர்ஷனுக்கும் அடுத்த போர்ஷனுக்கும் நடுவே ஒரே சுவர். பூட்டிக் கிடக்கும் வீட்டின் கதவை நீங்கள் மெல்லத் தட்டினால் யாரும் வர மாட்டார்கள். பலமாகத் தட்டினால் பக்கத்துப் போர்ஷன்காரர் “யாரு?” என்று குரல் கொடுப்பார். கதவுக்கு வெளியே நிற்பவர், குரல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கவனிக்காவிட்டால், பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருப்பதாக எண்ணிவிடுவார்; கொஞ்சம் காது மந்தமான ஆள், பலமாகத் தட்டினால்தான் எழுந்திருப்பார் என்று கூட எழுதிக்கொள்வார்.

மண்டையோடு அந்த நடுச்சுவர். காதின் மேல் வைக்கும் சாதாரண ஹெட்போனில் ஒலி 40 டெசிபலை நெருங்கினாலே, ஹெட்போனின் அதிர்வு மண்டையோட்டின் வழியாக எதிர்க் காதின் காக்ளியாவைச் சென்றடையத் தொடங்கலாம். பெரும்பாலானோருக்கு அது 50, 60 டெசிபல் அளவில் நிகழ்கிறது. காதுத் துளைக்குள் செருகும் வகை ஹெட்போனில் சுவர் இன்னும் தடிமன், 55க்கு மேல். இப்போது முதல் தாளைக் கையில் எடுங்கள். வலது காதில் 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் வாசல் முறையே 20, 25, 30. இடது காதில் 75, 80, 80. வேறுபாடு 55, 55, 50. சுவரைத் தாண்டும் அளவும் அதுவே. நிழல் போல வலது காதின் கோட்டை ஒட்டியே இடது காதின் கோடு ஐம்பது சொச்சம் டெசிபல் தள்ளி ஓடுகிறது. இந்தத் துறையில் இதற்கு நிழல் கோடு என்றே பெயர். இடது காதின் 4000 ஹெர்ட்ஸில் மட்டும் பதில் இல்லை என்று போட்டிருக்கிறார்களே, அதுவும் பொருந்துகிறது: வலது காதில் அந்த இடத்தில் வாசல் 65. சுவரையும் தாண்டி அதை எட்ட வேண்டுமானால் கருவியின் எல்லையே போதாது.

எலும்புவழிப் பரிசோதனையில் சிக்கல் இன்னும் கடுமை. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேட்டில் சிறிய அதிர்வியை வைத்து, வெளிக்காதையும் நடுக்காதையும் தாண்டி, நேரே காக்ளியாவை எழுப்பிப் பார்ப்பது அந்தப் பரிசோதனை. ஹெட்போன் மூலம் கேட்கும் காற்றுவழி மோசமாகவும் எலும்புவழி நன்றாகவும் இருந்தால் பழுது நடுக்காதிலோ வெளிக்காதிலோ இருக்கிறது: குறும்பி, செவிப்பறை ஓட்டை, சீழ், அங்கவடி எலும்பு இறுகிப்போவது. இவற்றில் பல, மருந்தாலோ அறுவையாலோ சரியாகக்கூடியவை. இரண்டும் ஒன்றாக விழுந்திருந்தால் பழுது காக்ளியாவிலோ நரம்பிலோ. ஆனால் எலும்பில் வைத்த அதிர்வுக்கு நடுச்சுவர் கிடையவே கிடையாது. இடது பக்கத்தில் வைத்தாலும் இரண்டு காக்ளியாவும் ஒரே நேரத்தில், ஏறத்தாழ ஒரே அளவில் அதிரும். அதனால் உங்கள் தந்தையின் இடது காதின் பின்னால் அதிர்வியை வைத்தபோது அவருடைய நல்ல வலது காக்ளியா 20, 25, 30 என்று பதில் சொல்லிவிட்டது. அதை இடது காதின் கணக்கில் எழுதியவுடன், காற்றுவழி 78, எலும்புவழி 25, நடுவே பெரிய இடைவெளி, அறுவை செய்தால் சரியாகும் என்ற முடிவு தானாக வந்து நின்றது. கேட்டல் முற்றிலும் இல்லாத ஒரு காது, தாளில் பார்த்தால் அறுவைக்கு ஏற்ற காதாகத் தோன்றும். இந்தத் துறையில் இதைவிட ஆபத்தான தோற்றப் பிழை வேறு எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை.

அந்த இரைச்சல் பக்கத்து வீட்டுக்காரரைப் பேசாமல் வைக்கத்தான். மாஸ்கிங் என்று சொல்வார்கள். தமிழில் மறைப்பொலி எனலாம். வலது காதில், சோதிக்கும் அதிர்வெண்ணைச் சுற்றியுள்ள குறுகிய பட்டையில் மட்டும் இரைச்சலை விட்டு, அந்தக் காதை அதில் ஆழ்த்திவிட்டு இடது காதைக் கேட்கிறோம். எவ்வளவு விடுவது என்பதற்கு ஹூட் என்பவர் 1960இல் காட்டிய வழியே இன்றும் அடிப்படை. 1000 ஹெர்ட்ஸில் உங்கள் தந்தைக்கு நடந்திருக்கக்கூடியதைச் சொல்கிறேன். வலது காதின் வாசல் 25. அங்கே 35 அளவுக்கு இரைச்சல் விட்டதும், 80இல் பதில் சொன்ன ‘இடது காது’ பேசாமல் போய் 90இல்தான் பதில் தரும். இரைச்சலை 45 ஆக்கினால் பதில் 100க்கு ஓடும். 55 ஆக்கினால் 110. இரைச்சல் ஏற ஏறப் பதிலும் கூடவே ஏறுகிறது என்றால், பதில் சொல்வது வலது காதுதான் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கடைசியில் கருவியின் எல்லையில் எந்தப் பதிலும் வரவில்லை. இடது காதில் உண்மையாகவே 80 டெசிபல் கேட்டல் இருந்திருந்தால், இரைச்சல் 35 ஆனாலும் 45 ஆனாலும் 55 ஆனாலும் பதில் 80இலேயே அசையாமல் நின்றிருக்கும். அந்த அசையாத சமநிலத்தைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த வேலையில் கற்றுக்கொள்ள நெடுநாள் ஆகும் பகுதி. இரைச்சலை அளவுக்கு மீறி ஏற்றினால் அதுவே சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து சோதிக்கும் காதையே மூழ்கடித்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். காதைக் கெடுக்குமா என்ற பயம் வேண்டாம். சில நிமிடங்களுக்கு மட்டும், பெரும்பாலும் சாதாரணப் பேச்சு அளவை ஒட்டி விடப்படும் இரைச்சல் அது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து அவசரப்பட்டு, ஒரு சிறுமியின் எலும்புவழி வாசலை மறைப்பொலி இல்லாமல் எழுதி அனுப்பினேன். அவள் தாயிடம் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சே தொடங்கிவிட்டது. மூத்த மருத்துவர் ஒருவர் இசைக்கவையை எடுத்து அவள் நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, தாளை என்னிடமே திருப்பி அனுப்பினார். மறுபடி முறையாக எடுத்தபோது அந்தக் காதில் எதுவும் இல்லை. அந்தத் தாய் நம்பிக்கையோடு காத்திருந்த அந்த ஒரு வாரத்துக்கு நான்தான் பொறுப்பு. அதற்குப் பின் மறைப்பொலி தேவைப்படும் எந்தத் தாளிலும் அதன் அளவை எழுதாமல் நான் கையெழுத்திட்டதில்லை.

நெற்றியில் வைக்கும் அந்தச் சோதனைக்கு வெபர் என்று பெயர். 1834 முதலே இருக்கிறது. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நடுநெற்றியில் வைத்தால், நடுக்காதில் அடைப்புள்ளவருக்கு ஒலி மந்தமான காதின் பக்கம் ஒதுங்கிக் கேட்கும். காக்ளியா செத்தவருக்கு நல்ல காதின் பக்கம் ஒதுங்கும். மின்சாரம் கூட வேண்டாத இந்தச் சோதனை உங்கள் தந்தையின் சந்தேகத்தை அரை நிமிடத்தில் தீர்த்திருக்கும். வீட்டிலேயே ஏறத்தாழ இதைப் பார்க்கலாம்: வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று நீட்டி இசைக்கச் சொல்லி, ஒலி எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது என்று கேளுங்கள். வலது என்று சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன். மருத்துவரின் சோதனைக்கு இது ஈடாகாது, ஆனால் உங்கள் மனம் தெளியும்.

வலது காதைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை, ஏனென்றால் அவரிடம் இருப்பது அந்த ஒரு காதுதான். இரண்டாவது தாளில் வலது காதின் எண்களைப் பாருங்கள்: 250இல் 20, 500இல் 20, 1000இல் 25, 2000இல் 30, 3000இல் 50, 4000இல் 65, 6000இல் 60, 8000இல் 45. எலும்புவழியும், அது எடுக்கப்பட்ட அதிர்வெண்களில் இதையே ஒட்டி வருகிறது. 4000இல் பள்ளம் விழுந்து, 8000இல் மேடேறுகிறது. வயதால் மட்டும் குறையும் காதில் 8000தான் எல்லாவற்றையும் விட மோசமாக இருக்கும், மேடு வராது. இந்தப் பள்ளம் சத்தம் தோண்டியது. நம் காதுத் துளையின் நீளம் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளைத் தானாகப் பெருக்கிக் கொடுப்பதாலும், பலத்த ஒலி தன் இடத்துக்குச் சற்று மேலே உள்ள இடத்தையே மிகுதியாகச் சிதைப்பதாலும் அடி விழுவது பெரும்பாலும் 4000இல். அங்கே ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் போனால் மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை.

கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற மருத்துவர் 1886இலேயே கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைக் கடிகாரத்தின் டிக்டிக் ஒலியை வைத்துச் சோதித்து, அவர்கள் காது எப்படிக் கெட்டிருக்கிறது என்று எழுதி வைத்தார். வடசென்னையில் அதே பள்ளத்தை நான் தகட்டுப் பட்டறைக்காரர்களிடமும், காசிமேட்டு விசைப்படகுகளின் எஞ்சின் டிரைவர்களிடமும் மறுபடி மறுபடி பார்க்கிறேன். நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பதுதான் வரம்பு. சுத்தியல் படும் தகட்டின் பக்கத்தில் அது எளிதில் மீறப்படும். சத்தத்தால் வரும் கேட்டல் இழப்பு சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவே இருக்கிறது. உங்கள் தம்பியும் அதே பட்டறையில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரை இந்த மாதமே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள், அதுவும் வார விடுமுறைக்கு மறுநாள் காலையில், வேலைக்குப் போவதற்கு முன்னால். வேலை முடிந்த கையோடு எடுத்தால் தற்காலிகமாக மரத்துப்போன காதையே அளந்துகொண்டிருப்போம். குறைந்தது 14 மணி நேரம் சத்தத்திலிருந்து விலகி இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. முதல் கடையில் வலது காதுக்கு ‘இயல்பு’ என்று எழுதியதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 500, 1000, 2000 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 25. 25 வரை இயல்பு என்று எடுத்துக்கொள்ளும் பழைய அளவுகோலில் தேறிவிடும். 4000ஐயும் சேர்த்து நான்கால் வகுத்தால் 35. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வகைப்பாட்டில் அது மிதமான குறைபாடு தொடங்கும் இடம். அதே காது, அதே நாள். சராசரி பள்ளத்தை மூடி மறைத்துவிடுகிறது, ஆனால் வீட்டில் மறைவதில்லை. உயிரெழுத்து ஒலிகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவருக்குக் குரல் நன்றாகவே கேட்கும். ‘ச’ போன்ற உரசொலிகள் 4000க்குப் பக்கத்திலும் மேலும் இருப்பதால் பேரன் ‘காசு’ என்றானா ‘காது’ என்றானா என்று தெரியாது. மின்விசிறியும் தொலைக்காட்சியும் சேர்ந்துவிட்டால் இன்னும் கடினம். “கேக்குது, புரியல” என்று அவர் சொல்வதை வீட்டார் கவனக்குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

பரிசோதனை நடந்த இடத்தைப் பற்றியும் ஒரு சொல். முதல் இடத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பேருந்து போய்க்கொண்டிருந்தது என்கிறீர்கள். ஒலி புகாத அறை இல்லாமல் எடுத்த 250, 500 ஹெர்ட்ஸ் வாசல்களை நம்ப முடியாது. வண்டிகளின் உறுமல் அந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நகரும் நேரத்தில் நான் அறைக்குள்ளும் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். கருவியை ஆண்டுக்கு ஒருமுறை அளவு திருத்த வேண்டும் என்பதும், சோதிப்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பதும் நீங்கள் தயங்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியவை. இரண்டாவது தாளோடு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பழைய சிறைச்சாலை சாலையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். ஒரு காது மட்டும் இப்படிச் செத்திருக்கும்போது, சிறுவயதுக் காய்ச்சல்தான் காரணம் என்று நமக்குத் தோன்றினாலும், கேட்டல் நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று எம்ஆர்ஐ எடுத்து உறுதிசெய்யலாமா என்று அவரிடம் கேளுங்கள். இடது காதுக்கு மெஷின் வாங்க வேண்டாம். எழுப்ப ஆளில்லாத வீட்டில் எவ்வளவு பலமாகத் தட்டியும் பயனில்லை. வலது காதுக்கு, உயர்ந்த அதிர்வெண்களை மட்டும் கூட்டிக் கொடுத்து, காதுத் துளையை அடைக்காத வகை மெஷினை ஒரு வாரமாவது போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். இடது பக்கத்தில் வரும் பேச்சை ஒரு மைக் வழியாக வலது காதுக்கு அனுப்பும் அமைப்பும் உண்டு. சாப்பிடும்போது யார் எந்தப் பக்கம் உட்காருவது என்ற தொல்லை அதனால் குறையும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 டெசிபலுக்குக் குறையாத இழப்பைக் கேட்கிறது. வலது காது இந்த நிலையில் இருக்கும்வரை கிடைக்காது.

முதல் தாளைக் கிழித்துப் போட வேண்டாம். அதன் மேல் ‘இடது காது, மறைப்பொலி இல்லாமல் எடுத்தது’ என்று சிவப்பு மையில் எழுதி, இரண்டாவது தாளோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து வேறொரு மருத்துவர் அந்த உறையைத் திறக்கும்போது, 78 என்ற எண் மட்டும் தனியாக அவர் கண்ணில் படக் கூடாது.